தாளில் இல்லாத வரிகள்

சாந்தா கிளாரா
8 பிப்ரவரி 1988

என் பிரியமான இதால்மிஸ்,

முதலில் செய்தி, பிறகு நலம் விசாரிப்பு. மாற்றி எழுதினால் நீ நலம் விசாரிப்பைத் தாண்டிக்கொண்டுதான் படிப்பாய். எனக்கு மேடை கிடைத்திருக்கிறது. நாடக மேடை இல்லை. எங்கள் ஊர் சுருட்டுத் தொழிற்சாலையின் பெரிய கூடத்தில் வாசிப்பாளருக்கு ஒரு மேடை உண்டு, ஒரு நாற்காலி, ஒரு மைக். பழைய வாசிப்பாளர் ஓய்வு பெற்றுவிட்டார். வகுப்பில் பேர் கூப்பிட்டால் எழுந்து நிற்கவே கூச்சப்பட்ட நான், யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பித்தேன். அம்மாவுக்கே போன வாரம்தான் தெரியும்.

காலையில் செய்தித்தாள், மதியத்துக்கு மேல் நாவல். கீழே வரிசை வரிசையாக மேஜைகள். அவர்கள் குனிந்து சுருட்டுச் சுற்றிக்கொண்டே கேட்கிறார்கள். இலை வெட்ட ஒவ்வொருவர் கையிலும் சவேத்தா இருக்கும், பிடியில்லாத பிறைவடிவக் கத்தி. வாசிப்புப் பிடித்துவிட்டால் கைதட்ட மாட்டார்கள். சவேத்தாவால் பலகையைத் தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் அதைத் தரையில் போடுவார்கள். முதல் நாள் நான் முடித்தபோது கூடம் முழுவதும் தட்டியது. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி.

ஆனால் இது நிரந்தரம் இல்லை. ஏப்ரல் கடைசி வரை சோதனைக் காலம். அதன்பின் கூடமே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும். எனக்கு இந்த நாற்காலி வேண்டும். இவ்வளவு வெளிப்படையாக நான் எதையும் வேண்டும் என்று சொன்னதில்லை. எழுதும்போதே காது சூடாகிறது.

ஒரு சின்ன விஷயம். முதல் வரிசையில் எவரிஸ்தோ என்று ஒருவர். எல்லாரும் தட்டும்போது அவர் மட்டும் தட்டுவதில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்க்கிறார். வீட்டுக்கு நடக்கும்போது ஆலங்கட்டி சத்தம் மறந்துபோய், அந்தப் புருவம் மட்டும் கூடவே வருகிறது.

நீ எப்படி இருக்கிறாய்? புத்தாண்டுக்கு நான் எழுதியதற்குப் பதில் வரவில்லை. ஏதாவது தவறாக எழுதிவிட்டேனா? கோபம் என்றால் சொல்லிவிடு.

உன் பதிலுக்காகத் தபால்காரரின் சைக்கிள் மணியைக் கேட்டுக்கொண்டிருக்கும்,
நெரெய்தா


பராகோவா
27 பிப்ரவரி 1988

நெரெய்தா, என் செல்லக் கழுதையே,

உன் கடிதத்தை வாலிபால் மைதானத்தில் வைத்துப் பிரித்தேன். படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் என் பொண்ணுங்க பந்தை விட்டுட்டு ஓடி வந்துட்டாங்க, யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு. என் சிநேகிதி மைக்கில் பேசுறா என்றேன். "யாரு, உங்க போட்டோவுல முகத்தைத் திருப்பிக்கிட்டு நிப்பாங்களே, அவங்களா?" என்றது ஒன்று. அவளேதான்.

கோபமா? மழைடி. ஜனவரி முழுக்க மழை. மலைச்சாலை சரிந்து பஸ் வரவில்லை, தபாலும் வரவில்லை. உன் புத்தாண்டுக் கடிதம் பிப்ரவரி நடுவில்தான் வந்தது, ஓரமெல்லாம் ஊறிப்போய். வானம் என்மேல் கோபமா என்று நான் கேட்டேனா?

அந்தப் புருவ மனுஷன் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மைதானத்தில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒருத்தி சர்வீஸை வலையில் அடித்துவிட்டு முகம் சுருங்கி நின்றால், மனசில் என்ன ஓடுகிறதோ அதை வலைக்குப் பக்கத்தில் போய்ச் சத்தமாகச் சொல்ல வேண்டும். நேற்று ஒருத்தி சொன்னாள்: "நான் ஒரு சர்வீஸ் விட்டேன், அதனால டீம் தோத்துடும், அதனால எங்கம்மா என்னைப் பார்க்கவே வெட்கப்படுவாங்க, அதனால நான் ஆடு மேய்க்கப் போறேன்." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே இருக்கும்வரை அது சட்டம் மாதிரி இருக்கும்டி. வெளியே வந்தால்தான் அது எவ்வளவு அபத்தம் என்று தெரியும்.

நீ எனக்கு எழுது. உன் தலைக்குள் ஓடுவதை ஒன்றுவிடாமல் எழுது. நான் இங்கே வலைக்குப் பக்கத்தில் நின்று படிக்கிறேன்.

அவசரத்தில், ஆனால் முழு அன்போடு,
இதால்மிஸ்


சாந்தா கிளாரா
12 மார்ச் 1988

என் அன்பு இதால்மிஸ்,

நீ சொன்னபடி ஒரு வாரம் என் தலையை வேவு பார்த்தேன். நான் படித்த எந்தத் துப்பறியும் கதையிலும் இவ்வளவு சந்தேகப் பேர்வழிகள் இல்லை.

ரொட்டி வரிசையில் முன்னால் நிற்கும் இரண்டு பெண்கள் குரலைத் தாழ்த்தினால், பேச்சு என்னைப் பற்றித்தான். தொழிற்சங்கத்து மிக்தாலியா, ஓட்டெடுப்பை நடத்தப்போகிறவர், "நாளைக்கு ஒரு நிமிஷம் வந்து பாருங்க" என்றால், அன்று முழுவதும் நான் வேலை போனவள். (மின்விசிறி காற்று முகத்தில் அடிக்கிறதா என்று கேட்கத்தான் கூப்பிட்டார்.) நன்றாக வாசித்த நாள் என்றால் கதை நல்ல கதை. தடுமாறிய நாள் என்றால் நான் மோசமானவள். இந்தத் தராசைப் பார்த்தாயா, எப்படி வைத்தாலும் என் பக்கம் மட்டும் கீழே இறங்காது. பிறகு "கூடாது" என்று ஒரு வார்த்தை. மூச்சு வாங்கக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, ஒரு எழுத்துகூடப் பிசகக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பதைத் தவிர நான் ஒன்றும் செய்வதில்லை. சாயங்காலம் அரிசி மூட்டை சுமந்தவள் போல வீடு வந்து சேர்கிறேன். சோர்வு வாசிப்பதால் வருவதில்லை என்று இந்த வாரம்தான் புரிந்தது.

கண்டுபிடித்ததில் எனக்கு ஒரே குதூகலம். பிடிபட்ட ஒவ்வொன்றையும் அன்றே உனக்குத் தந்தி அடிக்கலாமா என்றிருந்தது.

நாவல் நன்றாகப் போகிறது. உப்பு ஏற்றிப்போகும் கப்பலில் தொமாஸ் என்று ஒரு மாலுமி. தங்கை கல்யாணத்துக்கு ஊர் திரும்ப வேண்டும். காற்று நின்று கப்பல் நடுக்கடலில் மாட்டிக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் கறுப்பு பீன்ஸும் சோறும் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, அவன் போய்ச் சேருவானா மாட்டானா என்று இரண்டு மேஜைக்காரர்கள் சண்டை போடுகிறார்கள். ஒருவர் இன்னொருவரைப் பார்த்து, "உனக்கு இருக்கற பொறுமைக்கு நீயா இருந்தா மொத நாளே கடல்ல குதிச்சிருப்ப" என்றார்.

எவரிஸ்தோ மட்டும் மாறவில்லை. கப்பல் நின்ற நாளிலிருந்து அந்தப் புருவம் இன்னும் நெருங்கிவிட்டது. கடலை இத்தனை பக்கம் வர்ணிப்பது அவருக்குச் சலித்துவிட்டது என்று நன்றாகவே தெரிகிறது. தெரிகிறது என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்து யோசித்தேன். அப்படித்தான் தோன்றுகிறது, இதால்மிஸ். முதல் வரிசை சலித்தால் கடைசி வரிசைக்கும் பரவிவிடாதா?

நீயும் என் புராணம் கேட்டுச் சலித்திருப்பாய். இல்லையே?

உன்னை நினைக்காமல் ஒரு பத்தியும் வாசிக்காத,
நெரெய்தா


சாந்தா கிளாரா
29 மார்ச் 1988

இதால்மிஸ்,

இன்று அவர்கள் சவேத்தாவைத் தரையில் போட்டார்கள்.

சுருக்கமாக எழுதுகிறேன். கப்பல் நிற்கும் பகுதியில் இன்னும் ஒரு அத்தியாயம் முழுக்க பாக்கி இருந்தது. எவரிஸ்தோவின் முகத்தைப் பார்த்தேன். ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். போதும் என்று அந்த முகம் சொன்னது. அந்த அத்தியாயத்தை அப்படியே புரட்டிவிட்டு, கல்யாண வீட்டிலிருந்து வாசித்தேன். தொமாஸ் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

இரண்டு பக்கம் கூடத் தாண்டவில்லை. பின் வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்தார். "ஏம்மா, நேத்து வரைக்கும் அந்தப் பையன் நடுக்கடல்ல நின்னான். நீந்தியா வந்தான்?" கூடம் சிரித்தது. நானும் சிரித்து மழுப்பியிருக்கலாம். ஆனால் தலை குனிந்தேன், அதில் தெரிந்துவிட்டது. சிரிப்பு நின்றது. முதலில் ஒரு சவேத்தா விழுந்தது, பிறகு வரிசையாக எல்லாம். கல் தரையில் இரும்பு விழும் சத்தம் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல விரும்பவில்லை. மிக்தாலியா மேடைக்கு வந்து மெதுவாகச் சொன்னார்: "எங்களுக்கு எது வேணும் எது வேண்டாம்னு நாங்க சொல்லுவோம். எங்க காதை நீங்க சுருக்க வேண்டாம்."

ஓட்டு வரை காத்திருப்பதில் அர்த்தமில்லை. அவர்கள் கை தூக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதைவிட நானே விலகிவிடுவது மரியாதை. இன்று செவ்வாய். இந்த வாரமும் அடுத்த வாரமும் அம்மைக்காய்ச்சல் என்று சொல்லி விடுப்பு எடுத்திருக்கிறேன். திரும்பிப் போகும் அன்றே விலகல் கடிதம் கொடுப்பேன்.

உன்னிடமிருந்தும் ஒரு வரி இல்லை. அதற்கும் அர்த்தம் புரிகிறது. கோபமா என்று இந்த முறை கேட்கப்போவதில்லை. எனக்கே தெரியும்.

நெரெய்தா


பராகோவா
4 ஏப்ரல் 1988

நெரெய்தா,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. குதூகலத்தையும் சாவுச் செய்தியையும் ஒரே மூச்சில் படித்தேன். குவாந்தானமோ போகிற டிரைவரிடம் இதைக் கொடுத்து அங்கிருந்து விமானத் தபாலில் போடச் சொல்கிறேன், நீ விலகுவதற்குள் வந்து சேரட்டும் என்று.

கோபமா என்று கேட்டுக்கேட்டு இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. திருப்தியா? ஆனால் நீ நினைக்கிற காரணத்துக்கு இல்லை.

இந்த மூன்று கடிதத்தையும் எடுத்துப் படித்துப் பார்த்தேன். நான் என்ன நினைக்கிறேன் என்று அதில் நிறைய இருக்கிறது. நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டது ஒரே ஒரு இடம், அதற்கும் அடுத்த வரியிலேயே கோபமா என்று வந்துவிட்டாய். நீ என்னைப் பற்றி யோசிப்பதாக நினைக்கிறாய். யோசிப்பது உன்னைப் பற்றித்தான்டி, என் முகத்தைக் கண்ணாடியாக வைத்துக்கொண்டு. இதை வேறு யாரும் உனக்குச் சொல்ல மாட்டார்கள். நான் சொல்லாவிட்டால் நான் என்ன சிநேகிதி.

சரி, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மார்ச்சில் ஈர மைதானத்தில் வழுக்கிக் கணுக்கால் உடைந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துதான் பயிற்சி கொடுக்கிறேன். அப்படியும் என் பொண்ணுங்க ஜெயித்துவிட்டார்கள். மே ஏழு, சனிக்கிழமை, குவாந்தானமோவில் மாகாண இறுதிப் போட்டி. பராகோவாவிலிருந்து ஒரு டீம் அதுவரை போவது என் நினைவில் இதுதான் முதல் முறை. ஊரே கொக்கோ பானம் காய்ச்சிக் கொண்டாடிவிட்டது. எனக்கு இருக்கிற பயத்தை யாரிடம் சொல்வது? உனக்கு எழுதலாம் என்றால் நீ அதையும் உன்மேல் கோபம் என்று படிப்பாயோ என்று தள்ளிப்போட்டேன். பார், நானும் உன்னை மாதிரியே உன் மனசைப் படிக்கிறேன். ஒட்டிக்கொள்கிற வியாதி இது.

அந்த எவரிஸ்தோ வாயைத் திறந்து உன்னிடம் ஏதாவது சொன்னாரா? ஒரு வார்த்தை? உன் கடிதங்களில் தேடிப் பார்த்தேன், இல்லை. புருவத்தைக் கேட்காதே. ஆளைக் கேள். திட்டினால் திட்டட்டும். திட்டு எவ்வளவு பெரியது என்றாவது தெரியும்.

நாற்காலியை விட்டு இறங்காதே. அவர்களே இறக்கிவிட்டால் வா, என் நாற்காலியில் பாதி தருகிறேன்.

நொண்டிக்கொண்டிருக்கும்,
இதால்மிஸ்


சாந்தா கிளாரா
16 ஏப்ரல் 1988

என் இதால்மிஸ்,

உன் கால் எப்படி இருக்கிறது? எந்தக் கால்? இரவில் வலிக்கிறதா? யார் சமைத்துப் போடுகிறார்கள்? உனக்கு இருக்கும் பயம் என்ன பயம், தோற்பதா, அல்லது அத்தனை பேர் பார்ப்பதா? வரிசையாகக் கேட்கிறேன், ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும். உன் கடிதத்தைப் படித்து அழுதேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் மறுபடியும் என்னைப் பற்றியே ஆகிவிடும்.

விலகவில்லை. கடிதம் எழுதிப் பையில் வைத்திருந்தேன். திங்கட்கிழமை மேடை ஏறி, அம்மைக்காய்ச்சல் பொய் என்றும், ஒரு அத்தியாயத்தை விட்டுவிட்டேன் என்றும், அதை இப்போது வாசிக்கலாமா என்றும் மைக்கில் கேட்டேன். பின் வரிசை அம்மாள் கேட்டார்: "கல்யாணத்துக்கு வந்தவனை மறுபடி கடலுக்கு அனுப்பப் போறியா?" ஆமாம் என்றேன். "அனுப்பு, அனுப்பு. போய் ஒழுங்கா வரட்டும்." வாசித்தேன். யாரும் தட்டவில்லை, யாரும் போடவுமில்லை. இலை வெட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

காப்பி இடைவேளையில் நேராக எவரிஸ்தோ மேஜைக்குப் போனேன். போகும் வழியெல்லாம் தலைக்குள் அவர் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார், அத்தனையும் பயங்கரம். அவர் நிஜமாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

என் வாசிப்புப் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "யாரு சொன்னா?" என்றார். உங்கள் முகம் என்றேன். "என் மூஞ்சியா? முப்பது வருஷமா என் பொண்டாட்டி அதைப் படிக்கிறா. அவளுக்கே இன்னும் புரியல." அப்படியானால் ஏன் தட்டுவதில்லை? சுருட்டுக்கு மேலே கடைசியாகச் சுற்றும் ஈரமான மேலிலையை விரல் நடுவில் தூக்கிக் காட்டினார். "இது கையில இருக்கறப்போ தட்டினா கிழியும் பொண்ணு. இவங்கல்லாம் தட்டிட்டு, சாயங்காலம் உருப்படி குறைஞ்சுபோச்சுன்னு புலம்புவாங்க." பிறகு, நான் கேட்காமலே: "ஒண்ணு சொல்லட்டுமா. செய்தித்தாளை பஸ்ஸைப் பிடிக்க ஓடற மாதிரி வாசிக்கிற. மூச்சு விடு. அப்புறம் அந்தக் கப்பல் நிக்கற இடம், அதைப் போய் விட்டுட்டியே. கதையிலேயே எனக்கு அதுதான் வேணும். ஒண்ணும் நடக்காத இடத்துல ஒருத்தன் எப்படி நாளைத் தள்றான்னு."

யோசித்துப் பார். அவர் மிகவும் விரும்பிக் கேட்டுக்கொண்டிருந்த பக்கங்களைத்தான், அவருக்குச் சலிக்கிறது என்று நான் தாண்டிப் போயிருக்கிறேன். வாசிப்பாளருக்கு ஒரே ஒரு விதிதான்: தாளில் இருப்பதை வாசி, இல்லாததைச் சேர்க்காதே, இருப்பதை விடாதே. ஒரு அத்தியாயம் விட்டதற்கே கூடம் கத்தியைப் போட்டது. நான் இத்தனை வருஷமாக மனிதர்களின் முகத்தில் இல்லாத வரிகளை வாசித்துக்கொண்டிருக்கிறேன், ஏற்ற இறக்கத்தோடு, ஒரு வரி விடாமல். உன் மழையில்கூட எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

கடைசியில் ஓட்டு எனக்குத்தானே என்று கேட்கும் துணிச்சல்கூட வந்தது. "இன்னும் யோசிக்கல" என்றார். அது பிடித்திருந்தது, இதால்மிஸ். தெரியாது என்பதைத் தெரியாது என்றே வைத்துக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு நடந்தேன். அரிசி மூட்டை சுமந்த அந்தச் சோர்வு அன்று இல்லை.

உன் பதில்கள் வேண்டும். எப்போது வருமோ அப்போது வரட்டும்.

அன்பில் குறைவில்லாத,
நெரெய்தா


சாந்தா கிளாரா
30 ஏப்ரல் 1988, சனி காலை

இதால்மிஸ், இதால்மிஸ்,

நேற்று ஓட்டு.

இங்கே வழக்கம் என்னவென்றால், கை தூக்கும்போது வாசிப்பாளர் கூடத்தில் இருக்கக் கூடாது. என்னை முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். இலைக் கட்டுகள் அடுக்கிய சுவர் ஓரம். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கிறது, வார்த்தை கேட்கவில்லை. என் தலைக்கு இதைவிட நல்ல விருந்து உண்டா? நீண்ட நேரம் ஆனால் சண்டை, சீக்கிரம் முடிந்தால் பேசவே தகுதியில்லை, யாரோ இருமினால் அது கேலி. ஒவ்வொன்றும் வந்தது. வந்ததைச் சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன், உன் பொண்ணுங்க மாதிரி. "அவர்கள் என்னை வேண்டாம் என்கிறார்கள், அதனால் நான் ஆயுள் முழுக்க வாய் திறக்காமல் இருக்கப்போகிறேன்." இலைக் கட்டு இறக்கிக்கொண்டிருந்த ஆள் திரும்பி, "யார்கிட்டம்மா பேசுற?" என்றார். ஒத்திகை பார்க்கிறேன் என்றேன். சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு நிற்கும்போதுதான் உள்ளே தட்ட ஆரம்பித்தார்கள். சுவர் வழியாக அந்தச் சத்தம் என் முதுகுக்குள் வந்தது.

மிக்தாலியா கதவைத் திறந்து, "வாங்க, வாசிப்பாளரே" என்றார். பிறகு என் தோளைப் பிடித்து நிறுத்தி, "கை தூக்காதவங்களும் சிலபேர் இருக்காங்க. யாருன்னு சொல்ல மாட்டேன், கேக்காதீங்க" என்றார்.

உள்ளே நடந்தபோது மனசு வழக்கம்போல முதல் வரிசைக்கு ஓடியது, யார் யார் என்று முகங்களைப் புரட்டிப் பார்க்க. சிலர் எனக்குக் கை தூக்கவில்லை. அது உண்மை. அதன் அளவும் அவ்வளவுதான். நான் மேடை ஏறி அன்றைய பக்கத்தைப் பிரித்தேன்.

திங்களன்று ஒப்பந்தத்தில் கையெழுத்து. வியாழனிலிருந்து ஞாயிறு வரை கூடத்தைப் பூட்டி, புகையிலைப் புழுவுக்கு மருந்து அடிக்கிறார்கள். எனக்கு நாலு நாள் விடுமுறை. வியாழன் சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன், குவாந்தானமோவுக்கு.

வரலாமா என்று எழுதி, உன் பதில் வந்து, அதில் உண்மையாகத்தான் கூப்பிட்டாயா என்று நாலு தடவை படித்து, பிறகு கிளம்புகிறவள் நான். இந்த முறை கேட்கவில்லை. உனக்கு இடைஞ்சலாக இருக்கலாம், பேச நேரம் இல்லாமல் போகலாம், அப்படியென்றால் வந்த பிறகு வாயைத் திறந்து சொல். இந்தக் கடிதம் முதலில் சேருமா நான் முதலில் சேர்வேனா தெரியாது. ரயிலில் நிற்க இடம் கிடைத்தாலும் போதும், உட்காரும் ஆசைகூட இல்லை.

போட்டி நடக்கும்போது நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று தேடாதே. உன் பொண்ணுங்களைப் பார். யாராவது சர்வீஸை வலையில் அடித்தால், அடுத்த பந்தைப் போடு என்று ஒரு குரல் கத்தும். மைக் இல்லாமலேயே உனக்குக் கேட்கும்.

பெட்டி கட்டப் போகிறேன்.

உன்
நெரெய்தா